சோற்றைத் தள்ளி வைத்த காலம்

எங்கள் வீட்டில் அரிசிக்கு ஓய்வே கிடையாது. காலையில் இட்லி, இல்லையென்றால் முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பழையது. மத்தியானம் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு. சாயங்காலம் பசித்தால் அரிசி உப்புமா. ராத்திரி தோசை அல்லது மறுபடி சோறு. தை அறுப்பு முடிந்ததும் அப்பா தெரிந்தவரிடம் சொல்லி வைத்து, ஆண்டுக்கு வேண்டிய நெல்லை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவார். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா சிற்பக் கூடத்தில் சிலை வார்க்கிறவர். ஆனாலும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பார்களா, கடைமடைக்குத் தண்ணீர் போகுமா, குறுவை உண்டா என்ற பேச்சு எங்கள் திண்ணையிலும் ஓயாது. சுவாமிமலையில் அது எல்லோருடைய கவலை.

இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை ஒருவன் சோறு வேண்டாம் என்றால் அது சாப்பாட்டோடு நிற்காது, பெற்றவள் மனசு வரைக்கும் போகும். முதுகுத்தண்டு வாதத்துக்காக நான் அதைச் சொன்னேன். அதனால் எனக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. சாப்பிட்டது நான்தான் என்றாலும் அந்த உணவு மாற்றத்தைச் செய்து முடித்தவள் அம்மா. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வலி இருபதுகளின் தொடக்கத்தில் வந்தது. அப்போது நான் அப்பாவோடு கூடத்தில் அரம் போடும் வேலையில் இருந்தேன். வார்த்த சிலையின் மேலிருக்கும் மண்ணைத் தட்டி உதிர்த்து, உலோகம் ஊற்றிய குழாய்த் துண்டுகளை வெட்டியெடுத்து, அரத்தால் ராவி, நகையையும் ஆடை மடிப்பையும் உளியால் தீர்க்கிற வேலை. தரையில் உட்கார்ந்து, சிலையைக் காலால் அணைத்துக்கொண்டு, குனிந்தபடி மணிக்கணக்கில் செய்ய வேண்டும். அதனால் இடுப்பு வலி என்றதும் எல்லோரும் வேலையைத்தான் கைகாட்டினார்கள்.

ஆனால் அந்த வலியின் போக்கு வேறாக இருந்தது. வேலை செய்யச் செய்யக் குறைந்தது, படுத்தால் கூடியது. பின்னிரவில் எழுப்பிவிடும். முற்றத்தில் நடந்தால் அடங்கும், மறுபடி படுத்தால் மறுபடி வரும். காலையில் குனிந்து பல் துலக்க முடியாத அளவு விறைப்பு. வெயில் ஏறிய பிறகுதான் உடம்பு என் பேச்சைக் கேட்கும். 2004 மகாமகத்துக்கு உறவெல்லாம் வந்து, கூடம் முழுக்கப் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ராத்திரி எழுந்து எழுந்து நடந்த என்னைப் பார்த்துவிட்டுச் சின்ன அத்தை கேட்டாள்: "ஏண்டா தம்பி, தூங்குற வயசுல இப்படி நடக்கிறியே, மனசுல ஏதாவது குறையா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஓய்வெடுத்தால் கூடுகிற முதுகு வலி, நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்குகிற வலி, பின்னிரவில் எழுப்புகிற வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற காலை விறைப்பு: இவை சேர்ந்து வந்தால் அது வேலை செய்த அலுப்பு ஆகாது. ஊரில் இதைச் சொல்ல ஆள் இல்லை. தைலம், மசாஜ், பெல்ட், ஊசி, நரம்புக்கு ஒரு மாத்திரை என்று ஆண்டுகள் போயின. இந்த நோய்க்குப் பெயர் கிடைக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆவது உலகம் முழுக்க வழக்கம்தான் என்பது பிறகு தெரிந்தது.

கடைசியில் திருச்சியில் ஒரு மூட்டுவாத மருத்துவரிடம் போனோம். அப்பாவும் கூட வந்திருந்தார். டாக்டர் என் இடுப்புக்கு மேல், முதுகில் இரண்டு குழிகள் இருக்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதற்கு 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு. "முழங்காலை மடக்காம குனிங்க தம்பி" என்றார். நல்ல முதுகாக இருந்தால் குனியும்போது அந்த இடைவெளி 15 சென்டிமீட்டர் அளவுக்கு நீள வேண்டும். என்னுடையது 12-ஐத் தாண்டவில்லை. அப்பாவுக்கு அளவு என்றால் உயிர். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துத்தான் மெழுகைத் தொடுவார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் முதுகில் இருந்த நாடாவை எட்டிப் பார்த்தார்.

அடுத்து என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார் டாக்டர். குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்கும்போது பின்மண்டையும் சுவரைத் தொட வேண்டும். என் தலை தொட்டது. டாக்டர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "ஐயா, நீங்களும் கொஞ்சம் நில்லுங்களேன்." அப்பா நின்றார். அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே டாக்டரின் நான்கு விரல்களும் புகுந்தன. ஆயுள் முழுக்கக் குனிந்து மெழுகு பிடித்ததால் வந்த கூன் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அவருடைய முள்ளெலும்புகள் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் யாரிடமும் முறையிடாமல் அதைச் சுமந்திருக்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன்னைக் கீழ உக்கார்ற வேலைக்கு விட்டிருக்க மாட்டேண்டா."

நோயின் பெயர் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேருகிற மூட்டில் அழற்சியாகத் தொடங்கி மேலே ஏறும். அழற்சி ஆறுகிற இடங்களில் புதிதாக எலும்பு வளர்ந்து முதுகைப் பூட்டிவிடும். எக்ஸ்ரேயில் கணுக்கணுவாகத் தெரிவதால் மருத்துவர்கள் அதை மூங்கில் முதுகு என்கிறார்கள். வெளியே வேண்டாத இடத்தில் எலும்பு வளர, உள்ளே இருக்கும் எலும்பு மெலிவதும் இந்த நோயில் உண்டு. ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக் கூறு இருக்கிறதா என்று பார்த்தார்கள், எனக்கு இருந்தது. நோய்க்கும் அந்தக் கூறுக்கும் உள்ள உறவை 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்த இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. அப்படியானால் அதோடு வேறு ஏதோ ஒன்றும் சேர வேண்டும். அந்த இன்னொன்று குடலில் இருக்கலாம் என்ற சந்தேகத்திலிருந்துதான் சாப்பாட்டுப் பேச்சு தொடங்குகிறது.

விஷயம் கேள்விப்பட்டு, செங்கொடிச் சங்கத்தில் இருந்த பெரியப்பா பார்க்க வந்தார். "வீரம் விளைந்தது எழுதினாரே ஒஸ்திரோவ்ஸ்கி, அவருக்கும் இதே வியாதிதாண்டா" என்று அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். தைரியம் சொல்லத்தான் கொடுத்தார். நான் முன்னுரையில் பார்த்தது 1904, 1936 என்ற இரண்டு ஆண்டுகளைத்தான். அவர் காலத்தில் இதற்கு மருந்தே இல்லை என்பதை மனம் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

டாக்டர் மாத்திரை எழுதினார், தினமும் செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளைச் சொன்னார். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வேகமாக முற்றும், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார். அம்மா கேட்க வேண்டிய ஒரு கேள்வியோடு காத்திருந்தாள். அடுத்த முறை கூடவே வந்து கேட்டாள்: "சாப்பாட்டுல என்னங்கய்யா விலக்கணும்?" "ஒண்ணும் வேண்டாம்மா, எல்லாம் சாப்பிடலாம்." அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை. மஞ்சள் காமாலைக்கு, அம்மைக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, கண்ணில் கட்டி வந்தவனுக்கு என்று எல்லாவற்றுக்கும் பத்தியம் உள்ள ஊரில், இவ்வளவு பெரிய நோய்க்குப் பத்தியம் இல்லையென்றால் டாக்டருக்குச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அந்த இடத்தை அக்கம்பக்கம் நிரப்பியது. ஒருவர் புளியை நிறுத்தச் சொன்னார். ஒருவர் கத்தரிக்காயை. எதிர்வீட்டு ஆச்சி இடுப்புக்கு உளுந்தங்களிதான் என்று தானே கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். முடக்கத்தான் கீரையை அரைத்துவிட்ட தோசை வாரக்கணக்கில் நடந்தது. அந்த அன்பை நான் இன்றும் மறக்கவில்லை. வலி மட்டும் அதன் பாட்டுக்கு இருந்தது.

இங்கிலாந்தில் இருந்த அத்தை மகன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஒரு மருத்துவக் கட்டுரையின் நகலைக் கொண்டுவந்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆலன் எப்ரிங்கரும் அவருடைய சக ஆய்வாளரும் 1996-இல் வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்த உணவை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த கதை. எப்ரிங்கரின் வாதம் இது. குடலில் வாழும் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு நொதியில் உள்ள ஆறு அமினோ அமிலங்களின் வரிசை, பி27 மூலக்கூறிலும் அப்படியே இருக்கிறது. அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் ஆள் மாறிச் சொந்தத் திசுவையும் தாக்குகின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப்போகும் மாவுச்சத்துதான் கிருமிக்குத் தீனி. தீனியைக் குறைத்தால் கிருமி குறையும், எதிர்ப்பொருள் குறையும், அழற்சியும் தணியும். உணவை மாற்றியவர்களுக்கு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். இறங்கியதாக அவர்கள் எழுதியிருந்தார்கள்.

லண்டனில் அவர் விலக்கச் சொன்னது ரொட்டி, உருளைக்கிழங்கு, கேக், பாஸ்தா. தின்னச் சொன்னது மீன், இறைச்சி, காய், பழம். அதை நான் எங்கள் அடுக்களையில் வைத்துப் பார்த்தேன். அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. அரிசிக்குப் பதில் என்று எல்லோரும் சொல்லும் கேழ்வரகு, கம்பு, தினை எதுவும் அந்தக் கணக்கில் பெரிதாகக் குறைந்தது இல்லை. கோதுமையும் அப்படித்தான். பருப்பு வகைகளிலும் கணிசமாக உண்டு. போதாததற்கு எங்கள் வீட்டில் மீனும் கறியும் புழங்கியதில்லை. இட்லி, தோசை, சோறு, சாம்பார், பொங்கல், அடை, கும்பகோணத்துக் கடப்பா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது காயும் கீரையும் தேங்காயும் தயிரும்.

நகலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அதை முழுக்கப் படித்தார். "இது ஒரு ஊகம். நல்ல ஊகம். ஆனா நிரூபணம் ஆகல. மத்த ஆய்வுக்கூடங்கள்ல செஞ்சு பார்த்தப்போ எல்லாருக்கும் இதே முடிவு வரல" என்றார். பிறகு, "செஞ்சு பார்க்கிறதுன்னா பாருங்க. மாத்திரையை நிறுத்தக் கூடாது. பயிற்சியை நிறுத்தக் கூடாது. எடை குறைஞ்சா உடனே வரணும். எலும்பு மெலியிற வியாதி, அதனால பாலும் தயிரும் குறையக் கூடாது. ஒரு நோட்டு போட்டு, காலையில எழுந்ததும், யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி, வலி எவ்வளவு, விறைப்பு எத்தனை நிமிஷம்னு எழுதுங்க" என்றார். யாரிடமும் பேசுவதற்கு முன்னால் என்று ஏன் சொன்னார் என்பது சில நாளில் புரிந்தது. அம்மா தினமும் காலையில் காபியை நீட்டிக்கொண்டே, "இன்னிக்குத் தேவலாமா?" என்பாள். அந்த முகத்தைப் பார்த்துத் தேவலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேவலை என்று சொல்லிவிட்டால் பிறகு உடம்பும் அதை நம்பத் தொடங்கிவிடும்.

மாவுச்சத்து எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவுள்ள பொருள் கருநீலமாகும். மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் வாங்கி வந்தேன். அம்மாவும் நானும் கொல்லைப்புறத் திண்ணையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சோற்றுப் பருக்கை கறுத்தது. அது தெரிந்ததுதான். வாழைக்காய் கறுத்தது, நன்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்த பூவன் பழம் கறுக்கவில்லை. பழுக்கும்போது மாவு சர்க்கரையாகிவிடுகிறது. செங்காய்ப் பழத்தில் பாதி கறுத்துப் பாதி நின்றது. தேங்காய்த் துருவல் நிறம் மாறவில்லை. புடலை, பீர்க்கை, சுரை, வெள்ளரி, வெண்பூசணி எல்லாம் தப்பின. உருளையும் சேனையும் சேப்பங்கிழங்கும் மாட்டிக்கொண்டன.

அம்மா ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வந்தாள். சாம்பார்ப் பொடி கறுத்தது. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் வறுத்துப் போட்டு அரைக்கிறோமே. ரசப்பொடியும் அப்படியே. பெருங்காயம் கறுத்தபோது அம்மா திகைத்துப் போனாள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்துதான் கட்டுகிறார்கள். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்து, தினமும் சாப்பிட்ட மாத்திரை ஒன்றை உடைத்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். அதுவும் கறுத்தது. மாத்திரை உருட்டுவதற்குச் சோள மாவைச் சேர்ப்பது வழக்கம். அந்தத் துளி மாவு ஒன்றும் செய்யாது. என்றாலும் அன்றைக்கு அந்தக் கறுத்த மாத்திரையை நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அம்மாவின் வேலை. எங்கள் பக்கத்துச் சமையலில் அரிசி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். கூட்டு சேர்ந்து வர அரிசி மாவு கரைத்து விடுவார்கள். அவள் தேங்காயையும் சீரகத்தையும் நைசாக அரைத்து விட்டாள். மோர்க்குழம்புக்கு ஊறவைத்த அரிசியும் பருப்பும் அரைப்பதை விட்டுவிட்டு, தேங்காயும் பச்சைமிளகாயும் மட்டும் அரைத்து, பொங்கி வரும்போதே இறக்கினாள். கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தாலும் திரிந்துவிடும் என்பதால் அடுப்பை விட்டு நகரமாட்டாள். ரசத்துக்கு மிளகும் சீரகமும் பூண்டும் அம்மியில் தட்டிப் போட்டாள். வெண்பூசணியைத் துருவிப் பிழிந்து நெய்யில் வதக்கி, சோறு வைக்கிற இடத்தில் இலையில் வைத்தாள். அதன்மேல் மோர்க்குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட முடியும் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். பிசைந்து சாப்பிட ஒன்று வேண்டும் என்பதை எந்த மருத்துவக் கட்டுரையும் சொல்லவில்லை.

பசிதான் பெரிய சங்கடம். வயிறு நிறையக் காயைத் தின்றாலும் ஒரு மணி நேரத்தில் வெறுமை. எடை இறங்கத் தொடங்கியது. டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கொல்லையில் வெந்நீர் போடும் அடுப்பில் தனியாக ஒரு அலுமினியச் சட்டியை வைத்து அவித்தாள். எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் மதில் ஓரமாகக் கேட்டுக்கொண்டாள். "உசுருக்குன்னா சாமி ஒண்ணும் சொல்லாது" என்று அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. முதல் நாள் ஓடு உரிக்கத் தெரியாமல் பாதி வெள்ளைக்கருவும் ஓட்டோடு போயிற்று. அந்தப் பழக்கத்தை உடைக்க அவள் எவ்வளவு தூரம் நடந்து வந்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் விட்டது ஒரு சுவையை. அவள் விட்டது தன் அடுக்களையின் ஆசாரத்தை.

வெளியே போனால் இன்னும் கடினம். கல்யாண வீட்டில் இலை போட்டு, காய்கறி பரிமாறி, சோற்றுக் கூடையோடு வருகிறவரிடம் கையை நீட்டித் தடுத்தால் அவர் முகம் வாடும். "வியாதிங்க" என்றால் "இன்னிக்கு ஒரு நாள் என்ன ஆயிடப் போவுது" என்பார். தை முதல் நாள் வாசலில் புதுப் பானை பொங்கும்போது எல்லோரும் கூவ, நானும் கூவினேன். அம்மா தன் இலையில் பொங்கலை வைத்துக்கொள்ளவே இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அப்பா கோபித்துக்கொண்ட பிறகுதான் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

பலன் என்ன என்றால், வயிற்று உப்புசம் முதலில் போயிற்று. அது நிச்சயம். காலை விறைப்பு நோட்டில் மெல்ல மெல்லக் குறைந்தது. ஐம்பதுக்கு மேல் நின்ற இ.எஸ்.ஆர். முப்பதுக்கு வந்தது. ஆனால் அதே மாதங்களில்தான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். தினமும் விடியலில் முதுகை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தேன். சுவாமிநாத சுவாமி கோவிலின் அறுபது படிகளையும் ஏறி இறங்கினேன். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் பெயர் கொண்ட படிகள் அவை. பாதி ஏறும்போதே இடுப்பு இளகத் தொடங்கும். இவற்றில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்தக் கண்டிப்பான பத்தியத்தின் நடுவிலேயே ஒரு நாள் வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வலித்தது. கண்ணின் உள்ளே வந்த அழற்சி. இந்த நோய் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது எப்போதாவது வருவது. சொட்டு மருந்தில் அடங்கியது. தாமதித்திருந்தால் பார்வைக்கே ஆபத்து. சோறு தின்னாமல் இருந்தும் வந்துவிட்டதே என்று அம்மா அன்றைக்குத்தான் அழுதாள்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் ராத்திரி சோறு சாப்பிட்டதில்லை. இரண்டு பூவன் பழம், ஒரு டம்ளர் பால். "ராத்திரி சோறு தின்னா காலையில இடுப்பு எழும்பாது" என்பார். கட்டுரையைப் படித்த பிறகு அந்தப் பேச்சு எனக்குள் வேறு விதமாக ஒலித்தது. எப்ரிங்கருக்கு முன்பே சுவாமிமலையில் ஒரு மனிதர் தன் உடம்பைப் பார்த்துப் பார்த்து இதைக் கண்டிருக்கிறாரே என்று மனம் துள்ளியது. ஆனால் அதே மனிதர் நான்கு மணிக்கு எழுந்து ஆற்றுக்கு நடந்து குளித்து வருபவர். நாள் முழுக்க மெழுகும் குங்கிலியமும் காய்ச்சவும், வண்டல் மண் குழைக்கவும், வறட்டி அடுக்கவும் என்று எழுந்து எழுந்து உட்கார்பவர். அவரை நிமிர்த்தி வைத்தது பழமா, நடையா? அத்தனையும் செய்தும் அவர் கழுத்து குனிந்துதான் போயிற்று. ஆகவே அவருடைய அனுபவத்தைச் சாட்சியாக நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் தன்னைக் கவனித்த விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

குடலுக்கும் இந்த நோய்க்கும் உறவு இருப்பது உண்மை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மனித பி27 மரபுக் கூறைச் சேர்த்துப் பிறந்த எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது அவற்றுக்குக் குடல் அழற்சியும் மூட்டழற்சியும் வரவில்லை. சாதாரணச் சூழலில் வளர்ந்தவற்றுக்கு வந்தது. நோயாளிகளின் குடலைச் சோதித்தால், வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களில்கூடக் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உள்ளே லேசான அழற்சி தெரிகிறது. இதெல்லாம் எப்ரிங்கர் கதவைத் தட்டிய திசை சரியானது என்று காட்டுகிறது. ஆனால் மாவை விலக்கினால் நோய் தணியும் என்பதைப் பெரிய, ஒழுங்கான சோதனை எதுவும் இதுவரை நிலைநாட்டவில்லை. மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்களில் அது சிகிச்சையாக இடம்பெறவும் இல்லை. ஆறிய சோற்றிலும் பழையதிலும் உள்ள செரிக்காத மாவு, குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கும் உணவாகிறது என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். "சோறுதான் விஷம்" என்று யாராவது இந்த நோயாளிகளிடம் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நெல்லையும் நோயாளியையும் ஒரே நேரத்தில் அவமதிக்கிற பேச்சு அது.

எனக்கு உண்மையில் விடிவு வந்தது ஊசியில். டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் எங்கள் கைக்கு எட்டாத விலையில்தான் வெகுகாலம் இருந்தன. அவற்றில் ஒன்றான அடாலிமுமாப் மருந்தை ஒத்த மருந்தை இந்திய நிறுவனம் ஒன்று 2014 டிசம்பரில் கொண்டுவந்தது. அந்த மருந்துக்கு உலகிலேயே அதுதான் முதல் நிகர். விலை இறங்கியது. காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள், பிறகு போட்டார்கள். சில வாரங்களில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். 2016 மகாமகத்துக்குக் குளத்தைச் சுற்றியிருந்த கூட்டத்தில் அம்மாவை ஒரு கையாலும் அப்பாவை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகுதான், டாக்டர் சொல்லி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். முதலில் பாசிப்பருப்பு. நோட்டில் மாற்றமில்லை. பிறகு கேழ்வரகு, அதில் உள்ள கால்சியம் எனக்குத் தேவைப்பட்டது. கடைசியில் மத்தியானத்துக்கு மட்டும் ஒரு கிண்ணம் சோறு. முதல் கவளத்தின் ருசியை விவரிக்க முயலப் போவதில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சோறு மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு பொருமி, தூக்கம் கெட்டு, காலையில் உடம்பு கனத்தது. முதுகின் விறைப்பு அதனால் கூடியதா என்று கேட்டால் நோட்டில் தெளிவில்லை. அப்பாவைப் போல நானும் பழத்துக்கும் பாலுக்கும் வந்து சேர்ந்தேன். உருளைக்கிழங்கும் மைதாவும் திரும்ப வரவில்லை, வேண்டியிருக்கவும் இல்லை. இலையில் காய் நிறைய, சோறு கொஞ்சம் என்ற அளவு வீட்டில் எல்லோருக்குமே நிலைத்துவிட்டது. அப்பாவின் சர்க்கரைக்கும் அது நல்லதாயிற்று.

போன ஆண்டு பக்கத்துக் கூடத்தில் அரம் போடும் பையன் ஒருவன் வந்தான். ராத்திரி எழுப்பும் வலி, காலையில் விறைப்பு. "அண்ணே, நீங்க சோறு விட்டுத்தான் நல்லாயிட்டீங்களாமே" என்றான். முதலில் அவனைத் திருச்சிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினேன். சந்தேகம் சரியாக இருந்தது. சீக்கிரமே தெரிந்ததால் அவன் முதுகு இன்னும் நன்றாகவே வளைகிறது. மறுநாள் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் கேட்டாள், என்ன சமைத்துப் போடுவது என்று. இருவரும் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா சொன்னாள்:

"சோத்தை ஒரேயடியா நிறுத்திடாதேடியம்மா, வேலை செய்யிற புள்ள. ராத்திரியில மட்டும் விட்டுப் பாரு. மாத்திரையை நீயே எடுத்துக் குடு, மறந்துடுவான். காயை நிறைய வை, தேங்காய் அரைச்சுவிடு, பெருங்காயத்துக்குப் பதிலாப் பூண்டு தட்டிப் போடு. அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் குடுத்து அவனையே எழுதச் சொல்லு. நீ எழுதாதே. நீ எழுதினா நல்லாத்தான் இருக்கான்னு எழுதிடுவே."